காயாத பன்னிரண்டு வசனங்கள்

எங்கள் ஆறுதல்புரத்துக் கோயில் பிரதிஷ்டையாகி நூற்றைம்பது வருஷம் நிறைந்த ஆண்டில், வேதபுத்தகம் முழுவதையும் சபையார் கையாலேயே எழுதி, பைண்டு செய்து, பீடத்தில் வைப்பதென்று கமிட்டி தீர்மானித்தது. மொத்தம் ஆயிரத்து நூற்றெண்பத்தொன்பது அதிகாரம், சபையில் வீடு இருநூற்றுப் பதினாலு, ஆகவே நூற்றுப் பத்தொன்பது வீட்டுக்கு ஆறும் மீதித் தொண்ணூற்றைந்து வீட்டுக்கு ஐந்துமாகச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், என் வீட்டுக்கு மாற்கு சுவிசேஷத்தின் கடைசி ஐந்து அதிகாரம் விழுந்தது, அதில் வசனம் இருநூற்றிருபது, இருநூற்றெட்டு வரைக்கும் எழுத எழுதக் காய்ந்தது, மிச்சமிருந்த பன்னிரண்டு மட்டும் காயவில்லை.

என் பெயர் பரிபூரணம். வீட்டில் நான் ஒருத்திதான். படித்தது ஐந்தாம் வகுப்பு, சுற்றியது பீடி, நாற்பத்தொரு வருஷம். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம், கட்டைக் கையில் எடுத்தாலே இருபத்துநாலா இருபத்தாறா என்று விரல் சொல்லிவிடும், அதனால் மற்ற வீட்டார் எழுதிய தாள்களையும் எண்ணிச் சரிபார்க்கிற வேலையைக் கமிட்டி என்னிடம் கொடுத்திருந்தது. அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, ஒரு எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டும் என்பது சட்டம். தொண்ணூற்றேழு தாளைத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வீட்டு ரஞ்சிதம் மைனியின் தாளை மட்டும் நாலு தடவை.

"பூரணம், நீ மோசே பக்கத்துல இருந்திருந்தா அந்த மனுஷன் கற்பலகையத் தூக்கி உன் தலையில போட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது தடவை எழுதப் போனாள்.

என் தாளில் பதினாறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில், இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கித் திகைத்து ஓடுகிறார்கள். அவர் உயிர்த்தெழுந்ததைப் போய்ச் சொல்லுங்கள் என்று கல்லறைக்குள் இருந்த வாலிபன் அவர்களிடம் சொல்லியிருக்க, அவர்களோ பயந்துபோய் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த வசனம் பேனாவை எடுக்கும் முன்னமே காய்ந்துவிட்டது. ஒன்பதாம் வசனத்திலிருந்து இருபதாம் வசனம் வரைக்கும், அவர் உயிரோடு வந்து நின்றதும் பேசினதும் மேலே எடுத்துக்கொள்ளப்பட்டதும் எல்லாம், மழைக்குப் பிந்திய வாழையிலை மாதிரி மினுமினுத்துக்கொண்டு ஈரமாகவே கிடந்தது. மை வழியவில்லை, பரவவில்லை, விரலை வைத்தால் விரலில் ஒட்டும், ஆனால் தாளில் இருக்கிற எழுத்துக்கு ஒன்றும் குறையாது.

மொட்டைமாடி வெயிலில் கல் வைத்துக் காயப்போட்டேன், மின்விசிறிக்குக் கீழே வைத்தேன், முகப்பவுடர் தூவினேன், பேனாவை மாற்றினேன், தாளை மாற்றினேன், ஏழு தடவை எழுதினேன், ஏழு தடவையும் எட்டு காய்ந்தது, ஒன்பது காயவில்லை.

ஊர் இதை முதலில் பேனாவின் குற்றமென்றது, பிறகு ஈரக்காற்றின் குற்றமென்றது, பிறகு ரஞ்சிதம் மைனி, "அவ கையில நாப்பது வருஷப் புகையில நாத்தம், அதான் ஆண்டவர் மூஞ்சியத் திருப்பிக்கிடுதாரு" என்று குழாயடியில் சொன்னாள், அதற்கும் பிறகு ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்து, விரலில் நீலத்தோடு வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எண்ணில் ஒரு துளி வைத்துக்கொண்டார்கள், வளைகுடா நாட்டில் மகன் இருக்கிற தாய்மார் செல்போனின் முதுகில் வைத்துக்கொண்டார்கள், நெற்றியில் வைப்பது நம்முடைய வழக்கமில்லை, வைப்பதானால் மணிக்கட்டில் வையுங்கள் என்று கமிட்டி அறிவிப்பு வாசித்தது, வடக்குத் தெருவிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்த மாரியம்மன் கோயில்காரர்கள் நெற்றியிலேயே வைத்துக்கொண்டார்கள், அதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதனால் அற்புதம் ஏதும் நடந்ததா என்று நான் விசாரித்தேன். நடக்கவில்லை. பரீட்சை எழுதின அறுபத்துநாலு பேரில் ஐம்பத்தொரு பேர் பாஸ், முந்தின வருஷமும் அதே ஐம்பத்தொன்றுதான். ஆனாலும் வருகிறவர்கள் குறையவில்லை. தொட்டுவிட்டு உடனே எழுந்து போகாமல், விரலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

எல்லாருக்கும் அது ஒரு புதினம், வேடிக்கை. எனக்கு அப்படியில்லை. ஏன் என்பதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒரு தங்கை. பெயர் லீதியாள். என்னைவிட ஐந்து வயது இளையவள், என்னைவிட வாய் நீளம், அறிவும் நீளம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதக் காலையில், சைக்கிள் கடை வைத்திருந்த முப்பிடாதி என்ற பையனோடு அப்பாவுக்குத் தெரியாமல் புறப்பட்டுப் போகும்போது கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, அப்பா கிறிஸ்துமஸ்க்குள்ள ஒரு ஆள் அனுப்பினா நாங்க ரெண்டு பேரும் வந்து கால்ல விழுந்துருவோம். ஆள் வரலேன்னா வேண்டாம்னு அர்த்தம். இத நீ அப்பாட்ட சொல்லிரு" என்றாள். நான் சரி என்றேன். அப்பா கோயிலில் மூப்பர், கோபக்காரர், சொன்னால் உனக்கு முன்னமே தெரியுமா என்று முதலில் என்னைக் கேட்பார் என்று பயந்தேன், அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லலாமென்று இருந்தேன், மறுநாள் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயந்தேன், இப்படி ஒவ்வொரு நாளும் முந்தின நாளின் பயத்தையும் சேர்த்துப் பயந்து, கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, பதினாலு கிறிஸ்துமஸ் வந்து போயிற்று, அப்பாவும் போய்விட்டார். சங்கரன்கோவிலில் எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பது இருபத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியும். பஸ் இரண்டு மாற வேண்டும். அப்பா தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றுதான் அவள் அங்கே இருந்தாள். போனால் அந்தப் பொய்யை நான் உடைக்க வேண்டும். நான் போனதில்லை.

ஆகவே எட்டாம் வசனத்தோடு ஒரு புத்தகம் முடிந்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மிச்சப் பன்னிரண்டும் என் கைக்குக் காய வேண்டுமென்று நான் ஆசைப்பட்டது கமிட்டிக்காக இல்லை.

எங்கள் குருவானவரை நாங்கள் ஐயர் என்று கூப்பிடுவோம். கிப்சன் ஐயர் சின்ன வயது, மெதுவாகப் பேசுகிறவர். அவர் ஒரு நாள் வந்து ஈரத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இத நான் பிரசங்கத்துல சொன்னதில்ல. நமக்குக் கிடைச்சிருக்கிற ரொம்பப் பழைய கைப்பிரதிகள்ல இந்தச் சுவிசேஷம் எட்டாம் வசனத்தோட நின்னுருது. இந்தப் பன்னிரண்டையும் பின்னால வேற ஒரு கை சேர்த்திருக்குன்னுதான் படிச்சவங்க சொல்றாங்க" என்றார்.

"யாரு கை ஐயரே?"

"தெரியாது. பேர் எழுதி வைக்கல."

"எதுக்குச் சேத்தாவ?"

"அதுவும் எழுதி வைக்கல அக்கா. நான் நினைக்கிறது, அந்தப் பொம்பளைங்க சொல்லாமயே இருந்துட்டாங்கன்னு முடியிறதை யாரோ ஒருத்தரால தாங்க முடியல."

நான் அவருக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டேன். சர்க்கரை எத்தனை கரண்டி போட்டேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் கூடியது, ஐயர் என்னிடம் சொன்னதை அங்கேயும் சொன்னார். கமிட்டிச் செயலாளர் தேவப்பிரியம் அண்ணாச்சி எழுந்து, "பேரில்லாதவன் எழுதினதையா நூத்தம்பது வருஷமா நாம கேட்டுக்கிட்டிருந்தோம்?" என்று சத்தம் போட்டார்.

"பேரில்லாதவங்க எழுதினது நிறைய இருக்கு அண்ணாச்சி. எபிரெயருக்கு எழுதின நிருபத்தை எழுதினது யாருன்னு கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் ஐயர்.

"அதுவுமா?" என்று அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரஞ்சிதம் மைனிதான் வழி சொன்னாள். "அங்க வேற கைதானே எழுதிச்சு? இங்க ரெண்டையும் பூரணமே எழுதினா அது எப்படிக் காயும்? வேற கைய வச்சி எழுதிப் பாருங்களேன்."

அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. என் வீட்டுக் கூடத்தில் மேசை போட்டு, எட்டு வசனம் நான் எழுதி வைக்க, மிச்சத்தை ஐயர் எழுதினார், ஐயரம்மா எழுதினாள், தேவப்பிரியம் அண்ணாச்சி எழுதினார், பாடகர் குழுவில் ஒன்பது பேர் எழுதினார்கள், எழுதத் தெரியாத கிழவர்கள் பேரப்பிள்ளையைக் கையைப் பிடிக்கச் சொல்லி எழுதினார்கள், மொத்தம் முப்பத்தொரு கை, முப்பத்தொரு தாள், கூடம் முழுக்கக் கொடி கட்டி அவற்றைத் தொங்கப்போட்டோம், காற்றடித்தால் முப்பத்தொன்றும் ஒன்றாக ஆடின, ஒன்றும் காயவில்லை. ரஞ்சிதம் மைனி தன் தாளைத் தொட்டுப் பார்த்து, "எனக்குமா?" என்று ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு அப்படியே நின்றாள்.

புத்தகத்தைப் பிரதிஷ்டை செய்யப் பிஷப் வருகிற ஞாயிற்றுக்கு முந்தின திங்கட்கிழமை தேவப்பிரியம் அண்ணாச்சி வந்தார். "பைண்டிங்காரன் புதன்கிழமைக்கு மேல ஒரு நாளும் பொறுக்க மாட்டேங்கான் பூரணம். ஈரத்தாள வச்சிக் கட்டினா முன்னும் பின்னும் நாப்பது தாள் ஒட்டிக்கிடும். எட்டோட நிறுத்தி ஒரு தாள் எழுதிக் குடுத்துரு. ஆதியில அப்படித்தான் இருந்துச்சின்னு ஐயரே சொல்லுதாருல்ல?"

"அதோட முடிச்சிரலாமா அண்ணாச்சி?"

"வேற என்ன செய்யச் சொல்லுத?"

எழுதினேன். எட்டு வசனம். கீழே முக்கால் தாள் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விடிகிறவரை படுத்திருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில், அந்தத் தாளை அட்டைக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போனேன்.

வீட்டு முகப்பில்தான் சைக்கிள் கடை. நரைத்த ஒரு ஆள் டியூபைத் தண்ணீர்ச் சட்டிக்குள் முக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பி, "லீதி, உங்க அக்கா வந்திருக்கா. மூக்கு அப்படியே இருக்கு" என்றார்.

அவள் வந்தாள். முடி எல்லாம் வெளுத்து, உடம்பு பெருத்து, அரிவாள்மனையில் கத்தரிக்காய் நறுக்கின கையின் வாசனையோடு வந்து நின்றாள். வா என்று சொல்லவில்லை.

"யாரு செத்துட்டா?" என்றாள்.

"ஒருத்தரும் சாகல. அப்பா செத்து இருபத்துநாலு வருஷமாச்சி."

"அது தெரியும். பேப்பர்ல போட்டிருந்தீயளே, நாலாம் பக்கத்துல. மகள் பரிபூரணம்னு ஒரு பேருதான் போட்டிருந்துச்சி. பிறகு எதுக்கு வந்த?"

உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கிணற்றடியில் நீ சொன்னதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை என்றேன். ஒரு நாளும் சொல்லவில்லை என்றேன். ஆள் அனுப்ப வேண்டுமென்பதே அவருக்குத் தெரியாது என்றேன். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொன்னேன்: வருஷா வருஷம் கோயில் உபதேசியார் சபைக்குக் குடும்ப அட்டவணை எழுத வருகிறபோது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அப்பா சாகிற வருஷம் வரைக்கும் உன்னையும் சேர்த்துத்தான் சொன்னார், உபதேசியார் என்னைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன், அவர் எழுதிக்கொள்வார் என்றேன்.

தண்ணீர்ச் சட்டியில் டியூப் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. முப்பிடாதி அதை வெளியே எடுக்க மறந்திருந்தார்.

"இருபது வயசுலேர்ந்து நான் அந்த மனுஷனத் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள் லீதியாள். "பிள்ளை பெறும்போது திட்டினேன். எம் பிள்ளைக்குக் கல்யாணம் கட்டும்போது திட்டினேன். செத்தவரக்கூட விடல. அவ்வளவும் உனக்கு வரவேண்டியது, பாவி."

"ஆமா."

"ஆமாவாம். ஆமாங்கா பாருங்க, கணக்குப்பிள்ளை மாதிரி" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். நான் போய்த் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் எழுந்து வந்து எனக்கு ஸ்டூல் போட்டார்.

வெகுநேரம் கழித்து, மடியில் அது என்ன என்று கேட்டாள். பன்னிரண்டு வசனத்தின் கதையை ஆதியிலிருந்து சொன்னேன், ஏழு தடவை எழுதியதையும் முப்பத்தொரு கை எழுதியதையும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டையும் வாசித்தாள், வாசித்துவிட்டு, சின்ன வயதில் என்னை மட்டம் தட்டுகிறபோது சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தாள்.

"யக்கா, ஒருத்தர்ட்டயும் சொல்லலன்னு எழுதியிருக்கு."

"ஆமா."

"ஒருத்தர்ட்டயும் சொல்லலன்னா, சொல்லாம இருந்தாவன்னு எழுதினவனுக்கு யாரு சொன்னா?"

ஐம்பத்தைந்து வருஷமாக அந்த வசனத்தை வாசித்திருக்கிறேன். எத்தனை எழுத்து, எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியும். இது எனக்குத் தோன்றவில்லை.

"பேனாவக் கொண்டா" என்றாள். நான் தடுக்கும் முன்னே, எட்டாம் வசனத்துக்குக் கீழே, கோணல்மாணலான பெரிய எழுத்தில், *வெகுகாலம் சென்று அவர்களில் ஒருத்தி வந்து சொன்னாள்* என்று எழுதினாள்.

"ஏட்டி, கூட்டக் கூடாதுட்டி! கூட்டுறவனுக்கு வாதைன்னு கடைசிப் புத்தகத்துல போட்டிருக்குல்லா?"

"வாதைய நான் பாத்துக்கிடுதேன். நீ தொட்டுப் பாரு."

தொட்டேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள், பிறகு விடாமலே, "மிச்சத்தச் சொல்லு, எழுதுதேன். எனக்கு மறந்து போச்சி" என்றாள். நான் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, ஒன்பதிலிருந்து இருபது வரைக்கும் அவள் எழுதினாள், பாம்புகளையும் விஷத்தையும் பற்றி வருகிற இடத்தில், "இதெல்லாம் உண்மையா?" என்று நடுவில் கேட்டாள், தெரியாது, இருக்கிறது, எழுது என்றேன், ஒவ்வொரு வரியும் அவள் கைக்குப் பின்னாலேயே காய்ந்துகொண்டு வந்தது. முடிந்ததும் தாளைக் கொடுத்துவிட்டு, "நான் வருவேன்னு நினைக்காத" என்றாள். நாலு மணி பஸ்ஸுக்கு முப்பிடாதிதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்.

புதன்கிழமை தேவப்பிரியம் அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "யாரு எழுத்து இது? காஞ்சிருக்கே!" என்றார்.

"எங்க வீட்டு எழுத்துதான் அண்ணாச்சி."

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"சரியா இருக்கா?"

தொண்ணூற்றேழு தாளைத் திருப்பி அனுப்பின நான், சரியாக இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பிஷப் வந்து ஜெபித்துப் பிரதிஷ்டை செய்த பின், அந்தப் புத்தகத்திலிருந்து முதல் பாடமாக எங்கள் அதிகாரத்தையே கிப்சன் ஐயர் வாசித்தார். எட்டு முடிந்ததும் நின்றார். இரண்டு மூச்சு விடுகிற நேரம் தாளையே பார்த்தார், தலையைத் தூக்கிப் பெண்கள் பக்கத்தைப் பார்த்தார், பிறகு சத்தத்தை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் அந்த வரியை வாசித்துவிட்டு ஒன்பதாம் வசனத்துக்குப் போனார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிஷப் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் என்றார், சபை முழுவதும் ஆமென் என்றது, ரஞ்சிதம் மைனி மட்டும் மூக்கைச் சிந்தினாள். முப்பத்தொரு தாளும் அன்று மத்தியானத்துக்குள் தானாகக் காய்ந்துவிட்டன, அவரவர் தாளை அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போட்டிக்கு அந்த அதிகாரத்தை ஒப்பிக்கிறபோது அந்த வரியையும் சேர்த்துத்தான் ஒப்பிக்கிறார்கள். யார் எழுதியது என்று கேட்டால், மாற்கு என்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் இருக்க, அட்வெந்து தொடங்கின வாரத்தில் ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"வாசிச்சாவளா?" என்றாள் லீதியாள்.

"வாசிச்சாவ."

"யாரு சேத்ததுன்னு கேட்டாவளா?"

"ஒருத்தரும் கேக்கல."

அங்கே சைக்கிள் மணியை யாரோ அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்பாவ எங்க வச்சிருக்கு?" என்றாள்.

"கல்லறைத் தோட்டத்துல, உள்ள போனா வலது கைப் பக்கம். கல்லு சின்னதுதான். பேரு அழிஞ்சிருக்கு."

"எனக்கு யார்ட்டயும் கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. நேரா போயிப் பாக்கணும். வாசல்லேர்ந்து எத்தன தப்படி?"

"நூத்திப் பதினாறு" என்றேன்.

"உன் தப்படிக்கா, என் தப்படிக்கா?"

அவள் வேகமாக நடக்கிறவள், நான் எப்போதும் அவளுக்குப் பின்னால் ஓடுகிறவள். ஆனால் அது முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின கணக்கு, இப்போது அவளுக்கு முழங்காலும் வலிக்கலாம்.

"வாட்டி" என்றேன். "கிறிஸ்துமஸ்க்குள்ள வா. நடந்து பாத்து நீயே எண்ணிக்க."